மாமிக்குப் போட்டுக்கொடுத்த வீட்டுப் பதிப்பு

என் மாமி முதன்முதலாகக் கொழும்புக்குச் சரக்கு அனுப்ப இருந்த வெள்ளிக்கிழமை, அந்தச் சரக்கை வாசலோடு நிறுத்தப் பார்த்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கெட்டிக்காரத்தனம் கூடிப்போய்ச் செய்தேன். கணினி வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது, எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கல்யாணம் முடித்தது கற்பிட்டியில். எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது வழக்கம் என்பதால், இரண்டு பெட்டி உடுப்பும் ஒரு மடிக்கணினியுமாக நானும் போய் இறங்கினேன். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் சேர்வர்களைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முன் அறையில் ஒரு மேசையும் கதிரையும் தந்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு வீட்டில் நடக்கிறது எதுவும் தெரியாது.

அந்த வீட்டில் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. பச்சை நிறம், கீழே பூவேலை. மாமி அந்தத் திரைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். புது மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது பழைய ஆட்களின் பழக்கம். மார்க்கம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மாமி தாய் மாதிரி என்றுதான் சொல்கிறது. ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே. சொல்ல வேண்டியதை மாமி மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். மாமி சொல்வது திரைக்கு ஊடாக எனக்கும் தெளிவாகக் கேட்கும். கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்து, மனைவி வந்து திருப்பிச் சொன்ன பிறகுதான் தலையாட்ட வேண்டும். எங்கள் உம்மா ஒரு தெருவுக்கே கேட்கக் கதைக்கிற ஆள். அந்த வளர்ப்பில் வந்த எனக்கு இது பழக ஒரு மாதம் பிடித்தது.

மற்றபடி என்னை ராசா மாதிரி வைத்திருந்தார்கள். காலையில் முட்டை ரொட்டி, பகலில் கோழிப் பொரியல், பின்னேரம் இனிப்புக்கு வட்டிலாப்பம். குசினியிலிருந்து எந்நேரமும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்குகிற மணம் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் காலையிலேயே வந்துவிடுவார்கள், உரல் இடிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்கும். இவ்வளவும் என் விருந்துக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் அப்படியே நினைத்தேன். இதை இன்றைக்கும் என் மனைவி கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள்.

கணினிக் கதை இரண்டாவது மாதம் தொடங்கியது. மாமாவுக்குக் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை. உச்சமுனையிலிருந்து தோணியில் வருகிற கருவாட்டை வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புகிறவர். கடையில் ஒரு பழைய கணினி, வீட்டில் ஒரு பழைய கணினி. இரண்டும் வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தன. திறந்து பார்த்தால் இரண்டிலும் இருந்தது களவாகப் பிரதி எடுத்த இயங்குதளம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. நிறுவையில் ஒரு பிடி கருவாடு கூடுதலாக வந்துவிட்டது என்று தெரிந்தால் உச்சமுனைக்குத் தோணி பிடித்துப் போய்த் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர். இத்தனை வருடமும் களவுப் பொருளைத்தான் தட்டிக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். அன்று பகல் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. லினக்ஸ் இருக்கிறது, மாமா, கவலைப்படாதீர்கள் என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். எழுதியவர்களே எல்லாருக்கும் திறந்துவைத்த நிரல், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம், களவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றேன். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அது மாதிரி என்று சொன்னதும் மாமாவுக்குப் பிடித்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். இதில் இரண்டு வகை இருக்கிறது என்று அடுத்த பாடத்தையும் எடுத்தேன். வியாபாரத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. உள்ளே ஓடுகிற சரக்கு ஒன்றுதான். வீட்டுப் பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசாகிக்கொண்டே இருக்கும், பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் அதில் ஓடும், பார்க்கவும் வடிவாக இருக்கும். வியாபாரப் பதிப்பு அழுத்தமான ஆள். வருடக்கணக்கில் முகம் மாறாது, பாதுகாப்புக்கு வேண்டிய திருத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், பழைய சாமான் எதையும் இலேசில் கைவிடாது. நிறுவனங்கள் அதற்குக் காசு கட்டுவது, கூப்பிட்ட நேரத்துக்கு உதவிக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காக. நிரல் திறந்தே இருப்பதால் அதே பதிப்பை அச்சு அசலாகச் செய்து சும்மாவே தருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் எடுத்தது அதைத்தான்.

எந்தக் கணினிக்கு எது என்று தீர்மானிக்க வேண்டும். அலுவலகத்தில் செய்வது போல முறையாகக் கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். மாமா கடைக் கணினியைப் பற்றி, எல்லாம் தொழிலுக்குத்தான் என்றார். அடுத்தது வீட்டுக் கணினி. அது திரைக்கு அந்தப் பக்கம், குசினியோடு ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. நான் மனைவியிடம் கேட்டேன், அவள் திரையை விலக்கி உள்ளே கேட்டாள். அகப்பைச் சத்தம் நின்றது.

"சும்மா வீட்டு வேல தான் எண்டு சொல்லு."

மனைவி திரும்பி வந்து, "சும்மா வீட்டு வேல தானாம்" என்றாள். நான் இப்போதுதான் கேட்ட மாதிரித் தலையாட்டினேன். கடைக்கு வியாபாரப் பதிப்பு, வீட்டுக்கு வீட்டுப் பதிப்பு. கணினியை ஹோலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொடுத்தேன். தாயும் மகளும் அதைத் திரும்ப உள்ளே தூக்கிப்போனார்கள். இதில் எங்கே பிழை வரும்? எல்லாம் கேட்டுத்தானே செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வாயில் வட்டிலாப்பம் இருந்த நேரம், மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கணினி கேட்கிறதாம், ஓம் என்ற பொத்தானை அமத்தவா என்று. பழசோடு ஏன் இருக்க வேண்டும், அமத்து என்றேன். அடுத்த கரண்டி வட்டிலாப்பத்தையும் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மனைவி ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். லேபல் அடிக்கிற பிரிண்டர். மாமாவின் தம்பி கட்டாரிலிருந்து எந்தக் காலத்திலோ கொண்டுவந்தது. அப்படி ஒன்று அந்த வீட்டில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நேற்று வரைக்கும் வேலை செய்தது, இன்றைக்கு ஒரு கடதாசியும் வரவில்லை என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு பிரிண்டருக்கு ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். அப்போதுதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆறு வருடமாக மாமி கூனி இறால் சம்பல் செய்து விற்கிறார். அந்த மூன்று பெண்களும் அவரோடு தொழில் செய்கிறவர்கள். சொப்பிங் பையில் கட்டி, தெரிந்தவர்கள் மூலம் கொடுத்துக்கொண்டிருந்த சம்பல் ஒரு வழியாகக் கொழும்புக் கடை ஒன்றின் கைக்குப் போயிருக்கிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. போத்தலில் அடைத்து, மூன்று மொழியிலும் லேபல் ஒட்டி, செய்த திகதியும் முடிகிற திகதியும் போட்டு, சனிக்கிழமைக்குள் இருநூற்று நாற்பது போத்தல் வந்து சேர்ந்தால் கடைத் தட்டில் இடம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் அந்த இடம் நீர்கொழும்பில் இருக்கும் வேறொரு பெண்ணுக்கு. திகதி அடிக்க வேண்டும் என்பதால் லேபலைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். மாமாவின் கருவாட்டு லொறி ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்குப் புறப்படும், போத்தல்களும் அதில்தான் போக வேண்டும்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். காரியம் சரிவந்த பிறகு சொல்லலாம் என்று அவள் உம்மா சொன்னாராம். மாப்பிள்ளை பெரிய கம்பனி வேலை செய்கிறவர், குசினிக் கதையெல்லாம் அவருக்கு எதற்கு என்றாராம். எனக்குக் காது சுட்டது. மூன்று மாதமாக நான் மோப்பம் பிடித்து மகிழ்ந்தது என் விருந்தை அல்ல, ஒரு தொழிற்சாலையை. அந்தத் தொழிற்சாலைக்கு விளையாட்டும் பாட்டும் உள்ள பதிப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவும் போதாதென்று முக்கியமான நாளுக்கு முதல் நாள் அமத்து என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். புதுப் பதிப்பு அந்தப் பிரிண்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழைய பதிப்பைத் திரும்ப இறக்கலாம் என்றால் அன்றைய இணைய வேகத்துக்கு லொறி போன பிறகு, அஸர் தொழுகைக்குத்தான் முடியும். அகப்பைச் சத்தம் இல்லாத அந்த வீட்டை நான் அன்றுதான் கேட்டேன். பயமாக இருந்தது. என் சேர்வர்கள் விழுந்த நாளில்கூட அப்படிப் பயந்ததில்லை.

பிறகுதான் கடைக் கணினி ஞாபகம் வந்தது. அதில் இருப்பது பழசைக் கைவிடாத பதிப்பு. பிரிண்டரைக் கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே அடித்து வருகிறேன் என்று எழும்பினேன். திரைக்குப் பின்னாலிருந்து பதில் உடனே வந்தது.

"கடைக்கிக் கொண்டு போனா லேபல்ல கருவாட்டு மணம் புடிக்கும் எண்டு சொல்லு."

மனைவி சொல்லும் வரை நான் காத்திருக்கவில்லை. சரிதான், கடைக் கணினியை இங்கே கொண்டுவருகிறேன் என்று திரையைப் பார்த்தே சொன்னேன். அது நான் செய்த முதல் ஒழுங்கீனம். வீட்டுக் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை வெறுமையாக இருக்க வேண்டாமே.

கடையில் மாமாவும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவருடைய கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து தலை, ஒரு சின்னத் திரை. விசயத்தைச் சொன்னதும் மாமா எழும்பிக் கணினியின் வயர்களைத் தானே பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் மாமா, இதில் மட்ச் பார்ப்பதில்லையா என்றேன். மாமா கருவாட்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதுல ஒண்டும் ஓடாது, மருமகன். மார்க்கப் பயானும் ஓடாது, மட்ச்சும் ஓடாது. நீங்க ஆசையாப் போட்டுத் தந்தீங்க. எப்படிச் சொல்ற எண்டு இருந்திட்டன்."

ஆமாம், வியாபாரப் பதிப்பில் படம் ஓடுவதற்கான சாமான்களைத் தனியாகப் போட வேண்டும். தொழிலுக்குத்தான் என்று அவர் சொன்னதை நம்பி நான் போடவில்லை. மாமாவின் தொழில் எல்லாம் கைபேசியிலும் வாய்ப்பேச்சிலும் நடக்கிறது. கணினி அவருக்கு வியாபாரம் இல்லாத நேரத்துக்கு. ஒரு மாதமாக அந்தப் பெரிய மனிதர் என் மனம் நோகக்கூடாது என்று கூட்டாளிகளோடு கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொண்டுபோன வீட்டுக் கணினியைப் பொருத்தி, மட்ச்சைப் பெரிதாகப் போட்டுவிட்டு வந்தேன். ஆட்டோ திரும்பும்போது கடையிலிருந்து கைதட்டல் கேட்டது. விக்கெட்டுக்கா எனக்கா என்று தெரியவில்லை, எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கருவாட்டு மணம் போகக் கடைக் கணினியைப் பிழிந்த தேசிக்காய்த் தோலால் மூன்று முறை துடைத்தாள். பிறகுதான் அதற்குத் திரைக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடைத்தது. வயரை நான்தான் பொருத்த வேண்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனேன்.

சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்கப் போத்தல்கள், செம்மண் நிறத்தில் சம்பல், எல்லாம் ஒரே மட்டத்துக்கு நிரப்பி மூடியிருந்தன. ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு இலக்கம், எந்தக் கூனி எந்த நாள் வந்தது, யார் வறுத்தது, எல்லாம் ஒரு கொப்பியில் மாமியின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. என் நிறுவனத்தில் பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைப்பதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டு மூலையில் சுவரைப் பார்த்து நின்றார். அந்த மூன்று பெண்களும் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

பிரிண்டரைச் செருகினேன். வியாபாரப் பதிப்பு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பென் டிரைவில் இருந்த லேபலைத் திறந்து, அடி என்றதும் அந்தக் கட்டார்ப் பெட்டி கரகரவென்று இழுத்துத் தள்ளத் தொடங்கியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம், திகதி. ஒரு பெண் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

இருநூற்று நாற்பதும் அடித்து முடிக்கப் பதினொன்றரை. நான் குளித்து ஜும்ஆவுக்குப் போனேன். குத்பாப் பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். திரும்பி வரும்போது லொறி வாசலில் நின்றது. வழியில் முந்தலிலும் சரக்கு ஏற்ற வேண்டும், நேரம் போகிறது என்று சாரதி கடிகாரத்தைக் காட்டினார். உள்ளே பார்த்தால் இன்னும் எழுபது போத்தல் கிடக்கிறது. வீட்டு ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிற நேரம் என்று அந்தப் பெண்கள் ஓடியிருந்தார்கள். மாமியும் மனைவியும் மட்டும் பாயில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. வெள்ளை ஜுப்பாவின் கையை மடித்துவிட்டு நானும் பாயில் உட்கார்ந்தேன். லேபல் ஒட்டுவது லேசு என்று நினைத்திருந்தேன். போத்தல் உருண்டு போகும், கடதாசி கையோடு ஒட்டும், மிளகாய் விரல் கண்ணில் படும். மனைவி ஐந்து ஒட்டும்போது நான் ஒன்று ஒட்டினேன். வாசலில் லொறி ஹோன் அடித்தது. அவசரத்தில் நாலைந்தை வேகமாக ஒட்டித் தள்ளினேன். ஒரு கை வந்து அதில் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது.

"இது கோணல், மகன். கழட்டிட்டு நேரா ஒட்டுங்க."

மனைவியின் கை அப்படியே நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். முதன்முதலாக மாமியின் முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறேன், நெற்றியெல்லாம் வேர்வை, கண்ணில் நல்ல கோபம். மனைவியிடம் சொல்லவில்லை. சுவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். என்னை மகன் என்று கூப்பிட்டு ஏசினார். சரி மாமி என்று சொல்லிக் கழற்றி ஒட்டினேன். அதுவும் கோணல்தான். அதையும் கழற்ற வைத்தார்.

இரண்டு இருபதுக்கு லொறி புறப்பட்டது. போத்தல் பெட்டிகள் முன்னால், சாரதியின் இருக்கைக்குப் பின்னால், பொலித்தீன் சுற்றி, கருவாட்டிலிருந்து முடிந்த அளவு தூரத்தில். லொறி வளைவில் மறையும் வரைக்கும் மாமி வாசலில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

அன்று எனக்குத் தனியாகக் கோழி பொரிக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. மாமாவும் வந்த பிறகு நான்கு பேரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, போத்தலில் அடங்காமல் மிஞ்சிய சட்டிச் சம்பல். மாமா மட்ச்சில் நம் அணி வென்ற கதையைச் சொல்லச் சொல்ல மாமி சிரித்தார். மூன்று மாதம் அந்த வீட்டில் எவ்வளவோ விருந்து சாப்பிட்டேன். வீட்டுச் சோறு அன்றுதான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தபோது யாரோ மேசையில் தட்டினார்கள். மனைவி என்று நினைத்துத் திரும்பினால் மாமி. பச்சைத் திரை ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. கையில் கைபேசி, கொழும்புக் கடைக்காரர் அப்போதுதான் கதைத்து வைத்திருக்கிறார் போலும்.

"போத்தலெல்லாம் முடிஞ்சிட்டாம், மகன். வார வெள்ளிக்கி ரெண்டு மடங்கு கேக்கிறாங்க. அதுல பதினோரு லேபல் கோணலாம், அதையும் சொன்னாங்க. நீங்க இனி பெட்டி மட்டும் தூக்குங்க."